சிறுவங்கூரில் பூஞ்சையைத் தேட வேண்டும்

கருப்புப் பூஞ்சை எனப்படும் மியூகோர்மைகோசிஸ் நோயை 2021 மே 20 அன்று தமிழ்நாடு அரசு அறிவிக்கைக்குரிய நோயாக்கியது. யாருக்கு இந்நோய் கண்டறியப்பட்டாலும், அரசு மருத்துவமனையோ தனியார் மருத்துவமனையோ, சுகாதாரத் துறைக்குத் தெரிவித்தாக வேண்டும் என்பது அதன் பொருள். நாடு முழுவதும் அப்படித் தெரிவிக்கப்பட்டவற்றை ஒன்றிய சுகாதார அமைச்சர் அந்த ஆண்டு ஜூன் 28 அன்று தொகுத்துச் சொன்னார். நோயாளிகள் 40,845 பேர், இறந்தவர்கள் 3,129 பேர். அந்த நோயாளிகளில் 85 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் கரோனா வந்தவர்கள். மக்கள் மனத்தில் தங்கியது இந்த விகிதம் மட்டும்தான். கரோனா போனதும் கருப்புப் பூஞ்சையும் போய்விட்டது என்று செய்தித்தாள்களும் நம்பின, நாமும் நம்பினோம். ஆனால் அதே பட்டியலில் இன்னும் இரண்டு விகிதங்கள் இருந்தன. சர்க்கரை நோயாளிகள் 64 சதவீதம். ஸ்டீராய்டு எடுத்துக்கொண்டவர்கள் கிட்டத்தட்ட 53 சதவீதம். கரோனா வடிந்துவிட்டது, சர்க்கரையும் ஸ்டீராய்டும் எங்கும் போகவில்லை. கள்ளக்குறிச்சி போன்ற ஒரு மாவட்டம் தன் மருத்துவத் திட்டத்தை வகுக்கும்போது இந்த இரண்டு விகிதங்களைத்தான் முதலில் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் வாதம்.

கரோனாவின் இரண்டாம் அலை புதிதாக ஒரு நோயைக் கொண்டுவரவில்லை. 2016 ஜனவரி முதல் 2017 செப்டம்பர் வரை இந்தியாவின் 12 பெரிய மருத்துவமனைகள் சேர்ந்து நடத்திய ஆய்வில் 465 மியூகோர்மைகோசிஸ் நோயாளிகள் பதிவானார்கள். ஏறக்குறைய முக்கால் பங்கினர் சர்க்கரை நோயாளிகள். மூன்று மாதங்களுக்குள் பாதிப் பேர் இறந்துபோனார்கள். அப்போது கரோனாப் பெருந்தொற்று வந்திருக்கவே இல்லை. இந்தப் பூஞ்சையின் வித்துகள் காற்றில் எப்போதும் இருப்பவை. அழுகும் காய்கறி, ஈரத்தில் கிடக்கும் கரும்புச் சோகை, எருக்குழி, பூசணம் பிடித்த ரொட்டி என்று எதிலும் வளரும். நாம் எல்லோரும் நாள்தோறும் அவற்றைச் சுவாசிக்கிறோம்; நம் வெள்ளையணுக்கள் அவற்றை மூக்கின் வாசலிலேயே முடித்துவிடுகின்றன. உலகில் பெயரிடப்பட்ட பூஞ்சை இனங்கள் ஒரு லட்சத்துக்கும் மேல் இருக்க, மனிதனுக்கு நோய் தரக்கூடியவை சில நூறுதான். நம் உடலின் 37 டிகிரி வெப்பமே பெரும்பாலானவற்றுக்கு ஒவ்வாது. சர்க்கரை கட்டுக்கடங்காமல் ஏறி, இரத்தத்தில் அமிலத்தன்மை கூடும்போதுதான் நிலைமை மாறுகிறது. வெள்ளையணுக்கள் மந்தமாகின்றன, புரதத்தோடு பிணைந்திருந்த இரும்புச்சத்து கழன்று பூஞ்சைக்கு உணவாகிறது. மூக்கின் பக்கவாட்டுக் குழிகளில் முளைவிட்ட பூஞ்சை இரத்தக் குழாய்களுக்குள் புகுந்து அடைக்கிறது; இரத்தம் போகாத தசை கருகுகிறது. கண்ணுக்கும் அங்கிருந்து மூளைக்கும் பரவச் சில நாட்கள் போதும். உடல் தளர்ந்த நேரம் பார்த்து உள்ளே நுழையும் இத்தகைய நோய்களைத்தான் மருத்துவர்கள் சந்தர்ப்பவாதத் தொற்று என்கிறார்கள்.

அந்தச் சந்தர்ப்பம் கள்ளக்குறிச்சியில் எத்தனை பேரிடம் வாய்த்திருக்கிறது? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடு தழுவிய சர்க்கரை நோய் ஆய்வு 2023-இல் வெளியானபோது, தமிழ்நாட்டில் வயது வந்தோரில் 14.4 சதவீதத்தினருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகச் சொன்னது. 2011 கணக்கெடுப்பின்படி இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்ட எல்லைக்குள் வாழ்ந்தவர்கள் சுமார் 13.7 லட்சம். பெரும்பாலும் கிராமங்களே உள்ள மாவட்டம் என்பதால் மாநிலச் சராசரியில் பாதியைத்தான் எடுத்துக்கொள்வோம் என்றாலும் அறுபதாயிரம் பேருக்குக் குறையாது. அவர்களில் எத்தனை பேருக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது என்பது வேறு கேள்வி. மூக்கடைப்பு, கன்னத்தில் மரமரப்பு என்று வந்து, பூஞ்சை என்று தெரிந்த பிறகுதான் சிலருக்குத் தங்களுக்குச் சர்க்கரை நோய் இருப்பதே தெரியவந்தது என்பது 2021-இல் பல மருத்துவமனைகளும் கண்ட உண்மை. கரும்பு வெட்டவும் மரவள்ளிக்கிழங்கு பிடுங்கவும் கூலிக்குப் போகிறவர், மண்ணோடும் சோகையோடும் நாள் முழுக்கப் புழங்குகிறவர், காலில் ஆறாத புண் வந்தால்கூட வேலையை நிறுத்துவதில்லை. அவருடைய சர்க்கரை அளவை யார் பார்க்கிறார்கள் என்பதில்தான் பூஞ்சைத் தடுப்பு தொடங்குகிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் வீட்டு வாசலில் மாத்திரையைக் கொடுக்கிறது. பெரிய காரியம். ஆனால் மாத்திரை கொடுத்ததைக் கணக்கில் எழுதுவது போலவே, சர்க்கரை இறங்கியதா என்பதையும் எழுத வேண்டும். மாத்திரை போய்ச் சேர்ந்தும் 300-க்கு மேல் நிற்கும் சர்க்கரை, பூஞ்சைக்குத் திறந்துவைத்த கதவு.

‘ஆயிரத்தில் ஒருவருக்குக்கூட வராத நோய்க்கு ஏன் இத்தனை ஆரவாரம்?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். காய்ச்சலும் பாம்புக்கடியும் பிரசவமும் நிரம்பி வழியும் ஒரு மாவட்டத்தில் எதற்கு முதலிடம் தருவது என்பது சுலபமான முடிவல்ல. கணித மாதிரிகளைக் கொண்டு ஆய்வாளர்கள் இந்தியாவுக்குத் தந்திருக்கும் மதிப்பீடு லட்சத்துக்கு 14 பேர். உலகின் பிற பகுதிகளோடு ஒப்பிட்டால் இது சுமார் 70 மடங்கு. கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்கு இதைப் பெருக்கினால் 190 பேர் வரை வரும். இந்த எண்ணை அப்படியே நம்பச் சொல்ல மாட்டேன். கணித மாதிரிகள் எதிலிருந்து தொடங்குகின்றனவோ அதைப் பொறுத்துத்தான் எதில் முடிகின்றன. ஆனால் இது தவறு என்று சொல்வதற்கும் கையில் ஓர் எண் வேண்டுமே? ‘அரிய நோய்’ என்ற முடிவுக்கு நாம் எண்ணிப் பார்த்து வரவில்லை, தேடாததால் வந்தோம். 2021-இல் எண்ணத் தொடங்கிய ஐந்தாறு வாரங்களில் நாற்பதாயிரம் என்று வந்தது. அந்த ஆண்டின் பதற்றத்தில் மருத்துவர்கள் எங்கும் பூஞ்சையையே பார்த்தார்கள் என்று சொல்வோரும் உண்டு. ஓரளவு உண்மையாக இருக்கலாம். அதற்கு முந்தைய பல ஆண்டுகள் எங்குமே பார்க்கவில்லை என்பதும் உண்மைதான். உலக சுகாதார நிறுவனமே தன் வரலாற்றில் முதன்முறையாக 2022 அக்டோபரில்தான் முன்னுரிமை தர வேண்டிய 19 பூஞ்சைகளின் பட்டியலை வெளியிட்டது. பாக்டீரியாக்களுக்கு அத்தகைய பட்டியல் 2017-லேயே வந்துவிட்டது.

தேடுவதற்கு என்ன வேண்டும்? இங்கேதான் பலரும் தப்பாக நினைக்கிறார்கள். கோடிக்கணக்கில் கருவிகள் வேண்டியதில்லை. மூக்கினுள் கருத்துப்போன இடத்திலிருந்து சிறிது திசுவைச் சுரண்டி ஸ்லைடில் வைத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலை ஒரு சொட்டு விட்டால் மனிதத் திசு கரைந்துவிடும், பூஞ்சையின் இழைகள் கரையாமல் நிற்கும். தடுப்புகளின்றி ரிப்பன் போல அகன்று, செங்கோணத்தில் கிளை பிரிந்தால் மியூகோர் வகை; மெலிந்து, தடுப்புகளோடு, கூர்ங்கோணத்தில் பிரிந்தால் ஆஸ்பர்ஜில்லஸ் வகை. ஒரு மணி நேரத்தில் விடை. நுண்ணோக்கியும் அதைப் பார்த்துப் பழகிய ஒரு கண்ணும்தான் செலவு. பயாப்சி முடிவு வரும்வரை மருந்தைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. 2019 நவம்பர் 26 அன்று விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான கள்ளக்குறிச்சியில் கரோனாவின் இரண்டாம் அலையின்போது மருத்துவக் கல்லூரி செயல்படத் தொடங்கியிருக்கவில்லை. சிறுவங்கூரில் கட்டப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரி, தமிழ்நாட்டின் மற்ற பத்துக் கல்லூரிகளோடு சேர்த்து 2022 ஜனவரி 12 அன்று திறந்துவைக்கப்பட்டது. இரண்டரை ஆண்டு கழித்து, 2024 ஜூனில் கருணாபுரம் விஷச் சாராயச் சாவுகளின்போது, சிறுவங்கூர் எவ்வளவு தாங்கும் என்பதும் தெரிந்தது. ஆம்புலன்ஸ்கள் சேலத்துக்கும் விழுப்புரத்தை அடுத்த முண்டியம்பாக்கத்துக்கும் புதுச்சேரி ஜிப்மருக்கும் ஓடின. டயாலிசிஸுக்காக ஓடியதில் தவறில்லை. ஆனால் ஒரு ஸ்லைடு பார்ப்பதற்காக ஒரு நோயாளி புதுச்சேரிக்கு ஓடக் கூடாது. காது மூக்குத் தொண்டைப் பிரிவும் நுண்ணுயிரியல் துறையும் ஒரே வளாகத்தில் உள்ள எந்தக் கல்லூரியும் இதைச் செய்ய முடியும். இரவு எட்டு மணிக்கு வரும் நோயாளிக்கும் செய்ய முடியுமா என்பதுதான் கேள்வி. முகத்தின் ஒரு பக்கம் வீங்கி, கண்ணிமை தொங்கிய நிலையில் வரும் சர்க்கரை நோயாளிக்கு மறுநாள் காலை என்பது மிகவும் தாமதம்.

அடுத்தது ஸ்டீராய்டு. கரோனாவில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு உயிரைக் காப்பாற்றும் என்பதை பிரிட்டனின் ‘ரெகவரி’ ஆய்வு 2020 ஜூனில் நிறுவியது. நாளுக்கு 6 மில்லிகிராம், அதிகபட்சம் பத்து நாள், அதுவும் ஆக்சிஜன் தேவைப்பட்டவர்களுக்கு மட்டும். ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு அதனால் பயன் இல்லை என்பதையும் அதே ஆய்வுதான் சொன்னது. நம் ஊர்களில் முன்பாதி மட்டும் காதில் விழுந்தது. சாதாரணக் காய்ச்சலோடு வீட்டில் படுத்திருந்தவர்களும் அதைக் கூடுதல் அளவில், கூடுதல் நாட்கள் விழுங்கினார்கள். அந்தப் பழக்கம் கரோனாவோடு பிறந்ததும் அல்ல, கரோனாவோடு முடிந்ததும் அல்ல. மூட்டுவலிக்கும் இளைப்புக்கும் உடனடி நிவாரணம் தரும் ‘ஊசி’க்குள்ளும் பெயர் எழுதாத பொட்டல மாத்திரைகளுக்குள்ளும் இருப்பது பெரும்பாலும் இதுதான். படைக்குப் பூசும் களிம்பில் ஸ்டீராய்டு கலந்திருப்பதால் முதலில் அரிப்பு அடங்கி, பிறகு படை இருமடங்காகப் பரவுவதைத் தோல் மருத்துவர்கள் பத்தாண்டுகளுக்கு மேலாகச் சொல்லி வருகிறார்கள். ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாது என்று 2018-லேயே விதி வந்துவிட்டது. விதியின் ஆயுள் மெடிக்கல் ஷாப் வாசல் வரைதான். ஸ்டீராய்டைத் தடை செய்யச் சொல்லவில்லை. ஆஸ்துமாவுக்கும், சிறுநீரக மாற்று அறுவை செய்துகொண்டவர்களுக்கும், லூபஸ் நோயாளிகளுக்கும் அது உயிர்மருந்து. ஆனால் அதை எழுதும் மருத்துவர் அன்றே சர்க்கரை பார்க்க வேண்டும், மறு வாரமும் பார்க்க வேண்டும். சாராயத்தால் கல்லீரல் கெட்டவர்களுக்கு ஸ்டீராய்டு கொடுக்க நேரும்போது நுரையீரலில் ஆஸ்பர்ஜில்லஸ் பிடிக்கும் ஆபத்தையும் நினைவில் வைக்க வேண்டும். இந்த மாவட்டத்தில் இது ஏட்டுச் செய்தி அல்ல.

இதே மாவட்டத்தின் கல்வராயன் மலைக்கு ஏறினால் கணக்கு வேறாகிறது. மலையில் நான் முதலில் கேட்பது காசநோயைப் பற்றி. பழங்குடி மக்களின் உடல்நலம் பற்றி ஆராய அபய் பங் தலைமையில் அமைக்கப்பட்ட வல்லுநர் குழு 2018-இல் தந்த அறிக்கை, பழங்குடியினரிடையே லட்சத்துக்கு 703 பேருக்கும் மற்றவர்களிடையே 256 பேருக்கும் காசநோய் இருப்பதாகச் சொன்னது. நாடு தழுவிய இந்தச் சராசரி இம்மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினருக்கு அப்படியே பொருந்தும் என்று கொள்ள முடியாது; ஆனால் ஊட்டக்குறைவும் புகை சூழ்ந்த அடுப்பும் தொலைவும் சேர்ந்த இடத்தில் குறைவாக இருக்கும் என்று எண்ணவும் காரணமில்லை. காசநோய் மருந்து ஆறு மாதத்தில் கிருமியைக் கொன்றுவிடுகிறது. அது நுரையீரலில் அரித்துவிட்டுப்போன குழி அப்படியே இருக்கிறது. அந்தக் குழியில் ஆஸ்பர்ஜில்லஸ் குடியேறி மெல்ல வளர்வதுதான் நாள்பட்ட நுரையீரல் ஆஸ்பர்ஜில்லோசிஸ். நோயாளிக்கு மறுபடியும் இருமல், எடைக் குறைவு, சளியில் இரத்தம். பார்த்தால் அச்சு அசலாகக் காசநோய். சளிப் பரிசோதனையில் கிருமி இல்லை என்று வந்தாலும் ‘கிருமி தெரியாத காசநோய்’ என்று எழுதி மறுபடியும் அதே மருந்து தொடங்கப்படுகிறது. இந்தியாவில் இந்நோயுடன் ஏறத்தாழ 2.9 லட்சம் பேர் வாழ்வதாக 2014-லேயே ஒரு மதிப்பீடு வந்தது. இட்ராகோனசோல் மாத்திரையை மாதக்கணக்கில் கொடுத்தால் பலன் உண்டு என்பதைச் சண்டிகர் முதுநிலை மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இதில் ஒரு கொடுமை உண்டு. காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின், கல்லீரலின் நொதிகளைத் தூண்டி இட்ராகோனசோலை இரத்தத்தில் தங்கவிடாமல் செய்துவிடும். எனவே ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று இரண்டையும் சேர்த்துக் கொடுப்பது பூஞ்சைக்குச் செய்யும் உதவி. எது என்று தெரிந்துகொண்டு கொடுக்க வேண்டும். அதற்கு ஆஸ்பர்ஜில்லஸ் எதிர்ப்புரதத்தைக் காட்டும் இரத்தப் பரிசோதனை இருக்கிறது. மலையில் ஊசி போட்டு இரத்தம் எடுத்தால் போதும். மாதிரி கீழே வரட்டும், ஆள் வர வேண்டியதில்லை.

பூஞ்சையை முன்கூட்டியே தேட வேண்டிய இன்னோர் இடம் எச்.ஐ.வி. அந்த விஷயத்தில் தமிழ்நாட்டுக்கு நீண்ட அனுபவம் உண்டு. இந்தியாவின் முதல் தொற்றே 1986-இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமன் குழுவால்தான் கண்டறியப்பட்டது. நம்பிக்கை மையங்களும் ஏ.ஆர்.டி. மையங்களும் அதன் பின் வந்தவை. அங்கே தாமதமாக, சி.டி.4 அணுக்கள் 100-க்கும் கீழே போன நிலையில் வருகிறவர்களுக்குக் கிரிப்டோகாக்கஸ் பூஞ்சை மூளைச்சவ்வைத் தாக்கக்கூடும். தாக்குவதற்கு வாரக்கணக்கில் முன்னதாகவே இரத்தத்தில் அதன் தடயத்தைச் சிறு காகிதப் பட்டை ஒன்று பத்து நிமிடத்தில் காட்டிவிடும். அப்போதே ஃப்ளூகோனசோல் தொடங்கினால் பலரைக் காப்பாற்றலாம். தீராத தலைவலி என்று வந்த பிறகு பார்த்தால் தண்டுவட நீர் எடுக்க வேண்டும், ஆம்போடெரிசின் ஊசி போட வேண்டும், பலரை இழக்கவும் வேண்டும்.

கல்வராயன் மலைக்கு முதலில் சாலை வரட்டும், பூஞ்சையைப் பிறகு பார்க்கலாம் என்பது நான் மிகவும் மதிக்கும் எதிர்வாதம். ஜாகிர்தாரர்களின் பிடியிலிருந்து 1976-இல்தான் விடுபட்ட மலை அது. 2024-இல் சென்னை உயர் நீதிமன்றம் தாமாக முன்வந்து வழக்கெடுத்துச் சாலை, மருத்துவம், ரேஷன் என்று அடிப்படைகளைக் கேட்க வேண்டிய நிலையில்தான் அது இன்றும் இருக்கிறது. பேருந்தே போகாத ஊரில் எதிர்ப்புரதப் பரிசோதனை பற்றிப் பேசுவது சிலருக்கு நகைப்பாகவும் தோன்றலாம். ஆனால் காசநோய்ச் சளி மாதிரி அந்த மலையிலிருந்து ஏற்கெனவே கீழே வந்துகொண்டிருக்கிறது. சர்க்கரை மாத்திரை ஏற்கெனவே மேலே போய்க்கொண்டிருக்கிறது. நான் கேட்பது புதிய வண்டியை அல்ல, அதே வண்டியில் இன்னொரு கேள்வியை. செவிலியர்கள் மேல் இன்னும் ஒரு படிவத்தைச் சுமத்துகிறோமே என்ற கவலைக்கும் தமிழ்நாட்டிலேயே விடை இருக்கிறது. 2022 ஏப்ரலில் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில், நோயாளி எலும்பும் தோலுமாக இருக்கிறாரா, பிடிக்காமல் எழுந்து நிற்க முடிகிறதா, மூச்சும் ஆக்சிஜனும் எப்படி என்ற சிலவற்றை மட்டும் ஒரு தாளில் குறித்து, ஆபத்தான நிலையில் உள்ளவர்களை உடனே உள்நோயாளியாகச் சேர்க்கிறார்கள். ஆய்வகமே தேவைப்படாத சலித்தெடுக்கும் முறை அது. அதே தாளில் ‘முன்பே காசநோய்ச் சிகிச்சை முடித்தவரா? சளியில் கிருமி இல்லாமல் இரத்தம் வருகிறதா?’ என்று ஒரு வரி சேர்க்கலாம். சர்க்கரை நோயாளியின் அட்டையில் ‘ஒரு பக்க முகவலி, மூக்கில் கருநீர், பல் ஆட்டம், இரட்டைப் பார்வை’ என்று ஒரு வரி. இவற்றைப் பார்த்தவுடன் யாருக்குப் போன் செய்ய வேண்டும் என்ற ஓர் எண்ணும் அதன் பக்கத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்த வரி வெறும் அலங்காரம்தான்.

மருந்துக்கு வருவோம், ஏனென்றால் இதுவரை சொன்ன எல்லாம் கடைசியில் அங்கே வந்துதான் முட்டும். மியூகோர்மைகோசிஸுக்கு லிப்போசோமல் ஆம்போடெரிசின்-பி உடல் எடையில் கிலோவுக்கு 5 மில்லிகிராம் வீதம். அறுபது கிலோ எடையுள்ளவருக்கு ஒரு நாளைக்கு 300 மில்லிகிராம், அதாவது 50 மில்லிகிராம் குப்பிகள் ஆறு. வாரக்கணக்கில் போட வேண்டும். கருகிய தசையை அறுவை செய்து அகற்றவும் வேண்டும். 2021-இல் இந்தக் குப்பிக்காகக் குடும்பங்கள் ஊர் ஊராக அலைந்தன. ஜூன் 12 அன்று ஜி.எஸ்.டி. கவுன்சில் இதன் வரியை நீக்கியதும் அந்த அலைச்சலின் விளைவுதான். பழைய வகை ஆம்போடெரிசின் மிக மலிவு. ஆனால் அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். சர்க்கரையால் ஏற்கெனவே நொந்த சிறுநீரகத்துக்கு அது கூடுதல் தண்டனை. பூஞ்சை மருந்தைக் கண்டபடி பரப்பினால் அதற்கும் எதிர்ப்பு வந்துவிடும் என்ற அச்சம் சரியானதே. கடந்த பத்தாண்டுகளில் அமெரிக்கா, ஐரோப்பா, சீனா ஆகியவற்றின் ஒழுங்குமுறை அமைப்புகள் அனுமதித்த புதிய பூஞ்சை மருந்துகள் நான்கே நான்கு என்று உலக சுகாதார நிறுவனம் 2025-இல் சொல்லியிருக்கிறது. இருப்பதைக் கெடுத்துக்கொண்டால் மாற்று இல்லை. போதாக்குறைக்கு, நெல் வயலில் தெளிக்கும் ஹெக்ஸகோனசோலும் டெபுகோனசோலும் மருத்துவமனையின் இட்ராகோனசோலும் ஒரே குடும்பம். வயலில் அவற்றுக்குப் பழகிய ஆஸ்பர்ஜில்லஸ் இந்திய மண்ணிலும் கண்டெடுக்கப்பட்டிருக்கிறது. ஆனால் மருந்து எதிர்ப்பை வளர்ப்பது சரியான நோயறிதல் அல்ல, குருட்டு ஊகம்தான். ஸ்லைடு பார்த்துக் கொடுப்பவர் குறைவாகத்தான் கொடுப்பார்.

எப்போதாவது வரும் நோயாளிக்காக வாங்கிவைத்த மருந்து காலாவதியாகிவிடாதா என்பது கிடங்குக்காரரின் கேள்வி. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்துகளை மாநிலத்துக்கே மொத்தமாக வாங்கி மாவட்டக் கிடங்குகளுக்கு அனுப்பும் முறையை 1995 முதல் நடத்துகிறது. பிற மாநிலங்கள் வந்து பார்த்துக் கற்றுக்கொண்ட முறை அது. ஒரு நோயாளிக்கு முதல் மூன்று நாளுக்கு வேண்டிய பதினெட்டுக் குப்பிகள் சிறுவங்கூரில் எப்போதும் இருக்கட்டும். மிச்சம் முண்டியம்பாக்கத்திலும் சேலத்திலும் இருக்கட்டும். காலாவதி நெருங்கும் குப்பிகள் நோயாளிகள் அதிகமுள்ள அந்தப் பெரிய மருத்துவமனைகளுக்குப் போய், அங்கிருந்து புதியவை திரும்பி வரட்டும். அந்த மூன்று நாளில் நோயாளியின் சர்க்கரையை இன்சுலினால் இறக்கி, மூக்கை எண்டோஸ்கோபியில் பார்த்து, மேல் சிகிச்சைக்கு அனுப்ப வேண்டுமா, இங்கேயே வைத்துப் பார்க்கலாமா என்று மருத்துவர் முடிவெடுத்துவிடலாம்.